எந்தப் படியில் நின்றது?

கடிதத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பது மனிதனுக்குப் பழைய வழக்கம். நம் பாட்டனார் தெருத்திண்ணையில் அமர்ந்து தபால்காரரின் சைக்கிள் மணியை எதிர்பார்த்தார். நாம் கணினியின் முன் அமர்ந்து, திரையின் மூலையில் ஓர் எண் தோன்றுமா என்று பார்க்கிறோம். காத்திருக்கும் மனம் ஒன்றுதான். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. கடிதம் வராவிட்டால் பாட்டனார் மறுநாள் தபால்காரரை நிறுத்திக் கேட்டுவிடுவார். "ரயில் தாமதம், ஐயா" என்று விடை வந்துவிடும். நமக்கோ, "சர்வருடன் தொடர்புகொள்ள இயலவில்லை" என்று ஒரு வரி மட்டும் வருகிறது. எங்கே இயலவில்லை, ஏன் இயலவில்லை என்பது தெரிவதில்லை.

இந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது இலக்கியக் கட்டுரை. ஆனால் இந்தச் சிறு வரியால் சென்ற ஆண்டு நம் சங்கத்து அக்கா ஒருவர் எட்டாண்டு உழைப்பை இழக்க இருந்தார். அதனை அருகிலிருந்து கண்டவன் நான். ஆதலால் இதையே எழுதுவது நலம் என்று தோன்றிற்று.

அந்த அக்கா, கொங்கு நாட்டு நெசவாளர்களின் தொழிற்சொற்களை ஆராய்பவர். டில்லிக்கு வந்த நாள்முதல் அவருக்கு வந்த கடிதங்கள் யாவும் துறையின் ஆய்வறையில் உள்ள அவருடைய மேசைக் கணினியில், தண்டர்பேர்டு என்னும் அஞ்சல் மென்பொருளுக்குள் இருந்தன. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் எழுதியனுப்பிய விளக்கங்கள், தறியின் படங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய நெறியாளரின் கடிதங்கள். அந்தப் பேராசிரியர் ஈராண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். ஆய்வேட்டின் ஒவ்வோர் இயலையும் வரிவரியாகத் திருத்தி அவர் எழுதியவை வேறெங்கும் இல்லை. பல்கலைக்கழகம் தந்த அஞ்சற்பெட்டியோ மிகச் சிறியது. ஆகவே கடிதம் வந்ததும் கணினிக்கு இறக்கிக்கொண்டு, சர்வரில் உள்ள படியை நீக்கிவிடும்படி அக்கா அமைத்திருந்தார். இருந்தது ஒரே படி. அது அந்த ஒரே கணினியில்.

ஒரு நாள் மாலை அவர் சங்க அறைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"தம்பி, ஒன்பது நாளாக ஒரு கடிதமும் வரவில்லை. அனுப்பினாலும் போகவில்லை. நாளைக்கு நேரு பிளேஸுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். வட்டை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, அது இதுதான்!

கடைக்காரரை மட்டும் குறை கூறுவானேன்? விடுதியில் அறிவுரைக்கா பஞ்சம்? கடவுச்சொல்லை மாற்றிப் பாருங்கள் என்றார் ஒருவர். கணக்கை நீக்கிவிட்டு மீண்டும் சேருங்கள் என்றார் மற்றொருவர். இந்த இரண்டாவது அறிவுரை கேட்பதற்கு எளிது, நடப்பில் கொடியது. தண்டர்பேர்டில் கணக்கை நீக்க முற்பட்டால் ஒரு சிறு பலகை தோன்றும். கடிதங்களையும் சேர்த்து நீக்கவா என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் அதனையும் குறியிட்டு விட்டால், எட்டாண்டுக் கடிதங்கள் ஒரு நொடியில் மறைந்துவிடும். சர்வரில் படி வைத்திருப்பவர்க்கு அதனால் கேடில்லை, மீண்டும் இறங்கிக்கொள்ளும். அக்காவைப் போன்றவர்க்கோ அத்துடன் முடிந்தது.

"அக்கா, கொஞ்சம் பொறுங்கள். பழைய கடிதங்கள் இப்போது திறக்கின்றனவா?" என்று கேட்டேன்.

"அவையெல்லாம் திறக்கின்றன. புதியதுதான் வரவில்லை."

"அப்படியானால் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதையில்தான் ஏதோ தடை. பெட்டியை உடைக்க வேண்டாம், பாதையைப் பார்ப்போம்" என்றேன்.

முதலில் ஒரு காரியம் செய்தோம். மென்பொருளை மூடிவிட்டு, கடிதங்கள் இருக்கும் கோப்புறையை முழுவதும் ஒரு வெளிவட்டில் படியெடுத்தோம். மற்றொரு படியை வேறொரு வட்டில் எடுத்தோம். இதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. பழுது அப்படியேதான் இருந்தது. ஆனால் அக்காவின் முகத்தில் தெளிவு வந்துவிட்டது. இனி எது நேர்ந்தாலும் பேராசிரியரின் கடிதங்கள் பிழைக்கும். மருந்து தேடுமுன் உயிரைக் காப்பது என்பது இதுவே அன்றோ!

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டோம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது, மாற்றியதை எழுதுவது, பயன் இல்லையேல் பழையபடி வைப்பது என்று ஒரு விதி செய்துகொண்டோம். ஒரே மூச்சில் ஐந்தை மாற்றுபவர்க்கு, சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. கெட்டாலும் எதனால் கெட்டது என்று தெரியாது.

இங்கே அன்பர்கள் ஓர் உண்மையை மனத்திற்கொள்ள வேண்டும். "தொடர்பு" என்று நாம் ஒரு சொல்லால் குறிப்பது ஒரு செயல் அன்று; படிக்கட்டு. முதற்படி, நம் கணினி வலைக்குள் செல்ல வேண்டும். இரண்டாவது, சர்வரின் பெயரைக் கொண்டு அதன் எண் முகவரியைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது, அந்த முகவரியில் சரியான வாயிலைத் தட்ட வேண்டும். நான்காவது, எதிரே உள்ள கணினி தான் யார் என்பதற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். ஐந்தாவது, நாம் யார் என்பதற்குக் கடவுச்சொல் காட்ட வேண்டும். இத்தனையும் ஏறிய பின்னரே கடிதம் கைக்கு வரும். எந்தப் படியில் கால் இடறினாலும் திரையில் தோன்றும் முதல் வரி பெரும்பாலும் ஒன்றுதான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "யார் குற்றம்?" என்பதன்று, "எந்தப் படியில் நின்றது?" என்பதே.

நாங்கள் அப்படியே ஒவ்வொரு படியாகப் பார்த்தோம்.

அதே கணினியில் செய்தித்தாளின் பக்கம் திறந்தது. ஆகவே முதற்படியில் குறை இல்லை. பல்கலைக்கழக அஞ்சலை வலைப்பக்கத்தின் வழியாகத் திறந்து பார்த்தோம். அறுபத்து மூன்று கடிதங்கள் படிக்கப்படாமல் காத்திருந்தன. ஆகவே சர்வர் உயிரோடு இருக்கிறது. கணக்கும் கடவுச்சொல்லும் நன்றாகவே இருக்கின்றன. இந்த ஒரு சோதனையால், கடவுச்சொல்லை மாற்றச் சொன்னவரின் அறிவுரை வேண்டாததாயிற்று. அடுத்து, சர்வரின் பெயரைச் சொல்லி முகவரி கேட்டோம், எண் வந்தது. இரண்டாம் படியும் சரி.

மூன்றாம் படியில்தான் பழுது பிடிபட்டது. இதனை விளக்குமுன் சிறிது வரலாறு சொல்ல வேண்டும்.

கணினிகளுக்கிடையே அஞ்சல் அனுப்பும் வழக்கம் 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் செய்த சோதனையிலிருந்து வளர்ந்தது. கடிதம் அனுப்புவதற்கான எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிமுறையை 1982இல் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டார். வந்த கடிதத்தை நம் கணினிக்கு எடுத்துக்கொள்ளும் பாப் என்னும் நெறிமுறை 1984இல் தோன்றியது. கடிதத்தைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப்பை 1986இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாயில் எண் உண்டு: எஸ்.எம்.டி.பி.க்கு 25, பாப்புக்கு 110, ஐமேப்புக்கு 143. இவ்வாயில்களில் முதலில் பூட்டு இல்லை. கடிதமும் கடவுச்சொல்லும் அஞ்சலட்டையில் எழுதியவைபோல் வழியில் நிற்பவர் எவரும் படிக்கும்படி சென்றன.

பின்னாளில் பூட்டுள்ள வாயில்கள் வந்தன. பாப்புக்கு 995, ஐமேப்புக்கு 993, அனுப்புவதற்கு 465. அனுப்புவதற்கே 587 என்று மற்றொன்றும் உண்டு; அது திறந்தபடி தொடங்கி, உள்ளே நுழைந்ததும் பூட்டிக்கொள்ளும். இணைய நெறிமுறைகளை வகுப்போர் 2018இல் வெளியிட்ட 8314ஆம் எண் ஆவணம், பூட்டில்லாத வழிகளை இனிக் கைவிடுங்கள் என்று வற்புறுத்தியது. அதனைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் பழைய வாயில்களை ஒவ்வொன்றாக அடைத்து வருகின்றன.

அக்காவின் அமைப்பில் இருந்த எண் 110. எட்டாண்டுகளுக்கு முன் யாரோ அமைத்துக் கொடுத்தது. அந்த வாயிலைத் தட்டினோம். நெடுநேரம் கழித்து "நேரம் கடந்தது" என்று விடை வந்தது. 995ஐத் தட்டினோம், உடனே திறந்தது! கைப்பேசியின் வலையை இணைத்தும் தட்டிப் பார்த்தோம், முடிவு மாறவில்லை. ஆகவே விடுதி வலையிலோ துறையின் வலையிலோ தடை இல்லை. சர்வரின் பக்கமே பழைய வாயிலை அடைத்திருக்கிறார்கள்.

இங்கே இரண்டு சொற்களின் வேற்றுமையைச் சொல்லிவிடுகிறேன், மிகவும் பயன்படும். "மறுக்கப்பட்டது" என்று விடை வந்தால், எதிரே கணினி இருக்கிறது, ஆனால் அந்த வாயிலில் கேட்பார் இல்லை என்று பெரும்பாலும் பொருள். "நேரம் கடந்தது" என்று வந்தால், நம் தட்டலுக்கு ஒரு மறுமொழியும் இல்லை என்று பொருள். வழியிலோ வாயிலிலோ உள்ள காவல்மதில் அதை விழுங்கியிருக்கலாம், அல்லது அந்த முகவரியில் ஆளே இல்லாதிருக்கலாம். கதவருகில் வந்து "போ" என்பவரும், வீட்டிற்குள்ளிருந்து குரலே கொடுக்காதவரும் ஒன்றாவரோ?

வாயில் எண்ணை 995 என்று மாற்றினோம். உடனே வேறொரு பலகை தோன்றிற்று. எதிரே உள்ள கணினி காட்டும் சான்றிதழில் வேறு பெயர் இருக்கிறது. இருந்தாலும் நம்பலாமா என்று கேட்டது. அக்கா மகிழ்ச்சியோடு "ஆம்" என்று சொல்லப்போனார்.

"வேண்டாம் அக்கா" என்று தடுத்தேன். "வாசலில் நிற்பவர் வேறொரு பெயர் சொல்கிறார். நம் சர்வராகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இப்போது தலையசைத்தால் கடவுச்சொல்லை அவரிடம் கொடுத்தவர்கள் ஆவோம். நாளைக் காலை போய்க் கேட்டுவிடுவோம்."

ஒன்பது நாள் காத்தவர்க்கு ஓர் இரவு காத்திருப்பது கடினந்தான். ஆனாலும் அக்கா இசைந்தார்.

மறுநாள் கணினி நிலையத்துக்குச் சென்றோம். சாளரத்தின் உட்புறம் அமர்ந்திருந்த அலுவலர், "என்ன பழுது?" என்று இந்தியில் கேட்டார். "அஞ்சல் ஓடவில்லை" என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒரு படிவத்தைக் கொடுத்து அனுப்பியிருப்பார். நாங்கள் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினோம். 110 மறுமொழி இல்லை, 995 திறக்கிறது, சான்றிதழில் பெயர் மாறுகிறது என்று மூன்று வரி. அவர் அதைப் படித்தார், முகம் மலர்ந்தது. ஒரு துண்டுத்தாளில் சர்வரின் புதிய பெயரையும் இரண்டு எண்களையும் எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் குறையுள்ள இந்தியும் அவருக்குத் தெரியாத தமிழும் அங்கே தடையாக நிற்கவில்லை. நின்ற படியைச் சுட்டிக் காட்டிவிட்டால் மொழி பாதி வேலைதான் செய்ய வேண்டியிருக்கிறது!

புதிய பெயரை இட்டதும் சான்றிதழ்ப் பலகை தோன்றவேயில்லை. கடவுச்சொல் ஏற்கப்பட்டது. அறுபத்து மூன்று கடிதங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஆயினும் கதை முடியவில்லை. வந்த கடிதம் ஒன்றுக்கு மறுமொழி எழுதினார்; போகவில்லை. வாங்குவது ஒரு வழி, அனுப்புவது வேறொரு வழி என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தபால் நிலையத்தில் கடிதம் பெறும் சாளரமும் முத்திரை விற்கும் சாளரமும் வேறு வேறாக இருப்பதைப் போன்றதே இது. அனுப்பும் அமைப்பில் 25 என்றும், கடவுச்சொல் வேண்டியதில்லை என்றும் பழைய குறிப்பு இருந்தது. குப்பைக் கடிதங்கள் பெருகியபின் அந்த 25ஆம் வாயிலைச் சாதாரணக் கணினிகளுக்குப் பல வலைகள் அடைத்துவிட்டன. 587 என்று மாற்றினோம். பிறகு பூட்டு வேண்டும் என்று குறித்தோம். பிறகு கடவுச்சொல் காட்டும்படி அமைத்தோம். மூன்றாவது மாற்றத்தில் கடிதம் பறந்தது.

இறங்கிய அறுபத்து மூன்று கடிதங்களில் முதலாவது எது தெரியுமா? கணினி நிலையத்தின் சுற்றறிக்கை! பழைய வாயில்கள் அடைக்கப்படும், புதிய பெயரை இட்டுக்கொள்க என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. வாயிலை அடைத்த அதே நாளில், அடைத்த அதே வழியாக அதனை அனுப்பியிருந்தார்கள். "பாதுகாப்புக் கொள்கைத் திருத்தம்" என்பது அதன் தலைப்பு. வலைப்பக்கத்தில் அத்தலைப்பை நாங்களும் கண்டோம். அதற்குள் நம் மருந்து இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

வாயிலை அடைத்தது தவறன்று, நன்றே. விடுதியின் பொது வலையில் கடவுச்சொல் திறந்தபடி சென்றுகொண்டிருந்தது என்பதை எண்ணினால் இப்போதும் அச்சமாக இருக்கிறது. ஆனால் வழியை மூடுபவர், மூடப்போகும் செய்தியை அந்த வழியாலேயே அனுப்பலாமா? உணவுக்கூடத்துப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தால் போதுமே!

அக்காவின் கதையில் பழுது நின்றது மூன்றாம் படியில். எல்லாருக்கும் அப்படியே இருக்காது. சில மாதங்களுக்குப் பிறகு முதலாண்டுத் தம்பி ஒருவர் வந்தார். அவருக்கு நான்காம் படி. சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று கணினி கூறிற்று. நாளைப் பார்த்தோம், கணினி 2010ஆம் ஆண்டில் இருந்தது! உள்ளே நாணயம் போன்ற ஒரு சிறு மின்கலம் உண்டு. அது தீர்ந்துவிட்டால் மின்சாரம் நிற்கும்போதெல்லாம் கடிகாரம் பின்னோக்கி ஓடிவிடும். மின்கலத்தை மாற்றி நாளைத் திருத்தியதும் எல்லாம் சரியாயிற்று. அவருக்கும் கடவுச்சொல்லை மாற்றும்படி மூவர் சொல்லியிருந்தார்கள்.

ஐந்தாம் படியில் நிற்பவர் இப்போது மிகுதி. கூகுள் நிறுவனம் 2022 மே 30 முதல், தனியார் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லை மட்டும் காட்டி நுழையும் பழைய முறையை நிறுத்தியது. மைக்ரோசாப்ட் தன் நிறுவன அஞ்சலில் அதே ஆண்டு அக்டோபர் முதல் அவ்வாறே நிறுத்தத் தொடங்கியது. ஆகவே கடவுச்சொல் எழுத்துப் பிசகாமல் இருந்தும் மறுக்கப்படலாம். பிழை சொல்லில் இல்லை. அதைக் காட்டும் முறையில் இருக்கிறது. நுழைவு முறையை "ஓ-ஆத்" என்று மாற்றினால், உலாவிச் சாளரம் ஒன்று திறந்து வழிவிடும்.

வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த ஒழுங்கு கணினிக்கும் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நோயை அறியுமுன் மருந்து கொடுப்பவர், நோயாளி பிழைத்தால் தாமே பிழைப்பித்ததாக எண்ணுகிறார். பிழைக்காவிட்டால் விதி என்கிறார். விடுதியில் நாம் தரும் அறிவுரைகள் பல அத்தகையனவே. அன்பினால்தான் சொல்கிறோம்; ஐயமில்லை. ஆனால் அந்த அன்பு ஒருவருடைய ஆசிரியரின் கடைசி எழுத்தை அழித்துவிடக் கூடும் என்பதை அறிந்திருப்பது நல்லது.

தமிழ் வழியில் படித்து இங்கு வரும் தம்பி தங்கையர்க்கு ஒரு வார்த்தை. திரையில் தோன்றும் ஆங்கில வரியைக் கண்டு பலகையை மூடிவிடாதீர்கள். சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளுங்கள். வலை, பெயர், வாயில், சான்றிதழ், கடவுச்சொல் என்னும் ஐந்து சொற்களை வரிசையாக எழுதி, சரியாக உள்ளவற்றை அடித்துக்கொண்டே வாருங்கள். அடிக்க முடியாமல் எஞ்சும் சொல்லோடு யாரிடம் போனாலும் மதிப்போடு விடை சொல்வார்கள். வெறும் "ஓடவில்லை" என்பதோடு போனால் வட்டைத் துடைக்கச் சொல்வார்கள்.

அக்காவின் ஆய்வேடு இவ்வாண்டு தேர்வாளர்களிடம் சென்றிருக்கிறது. நன்றியுரையில் நெறியாளரின் கடிதங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருப்பதாகச் சொன்னார். அக்கடிதங்களின் படி இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றது. மூன்றாவது வட்டை அவர் ஊருக்கு எடுத்துச் சென்று, தம் அன்னையாரின் பீரோவில், பட்டுப் புடவைகளின் அடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.